புது மாத்திரையும் பாத்ரூம் சாவியும்

உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். என் கையால் ஒரு மருந்து மாறியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். அந்தோணியம்மாளை ஜீப்பில் தூக்கிக்கொண்டு வந்த அன்றோடு அந்தப் பெருமை போயிற்று.

காய் எடுக்கும்போது மயங்கி விழுந்திருந்தாள். நாக்கு வறண்டு, பிரஷர் இறங்கியிருந்தது. சுகர் மட்டும் சரியாக இருந்தது.

அவளுடைய சர்க்கரை வியாதிக்கு முதலில் கொடுத்தது மெட்ஃபார்மின். விலை குறைவு, நம்பி எழுதலாம். ஆனால் அவளுக்கு வயிற்றால் போனது. அடுத்து கிளிமிபிரைடு. சுகரைச் சட்டென்று இறக்கும்; சாப்பாடு தள்ளிப்போனால் அளவுக்கு மீறி இறக்கிவிடும். தோட்டத்தில் காலைச் சாப்பாடே பத்து மணிக்குத்தான். இரண்டு தடவை கை நடுங்கி உட்கார்ந்துவிட்டாள். அதனால் டாக்டர் டாபாகிளிஃப்ளோசினுக்கு மாற்றினார். அதில் சுகர் தாழ்ந்துபோகும் பயம் குறைவு, இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால் அடிக்கடி போக வேண்டிவரும், தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தலையாட்டினாள்.

மயங்கி வந்த அன்று டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே வரிசையில் நின்றவர்கள் கேட்கக் கத்தினேன். "தண்ணி குடி, தண்ணி குடின்னு எத்தன தடவ சொன்னேன்? காதுல ஏறாதா உனக்கு?" அவள் கார்டிலும் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன்.

கூட்டம் போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"குடிச்சா போகணும்லா சிஸ்டர். எங்கிட்டுப் போக? செடிக்குள்ள உக்காந்தா அட்டை ஏறுது. மேல கங்காணி நிக்காரு, கீழ ஆம்பளையாளுக செடிக்கு மருந்தடிக்காக. அதான் வேல முடியுற வரைக்கும் தண்ணியத் தொடுறதில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"போன மாசம் இங்கன வந்து பாத்ரூம் சாவி கேட்டேனே. ஸ்டாஃபுக்கு மட்டும்னு சொல்லிட்டீகளே."

சாவி அப்போதும் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் பெண்தான். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்தக் கதவைத் திறக்கிறவள்.

கார்டில் எழுதியதை அடித்துவிட்டு, 'வேலையிடத்தில் கழிப்பறை இல்லை' என்று எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு சிட்டாகிளிப்டினுக்கு மாற்றினார். சுகரைக் குறைப்பதில் அதற்கு அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் மலையில் அவளைப் படுத்தாது.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான்: எது நல்ல மாத்திரை என்று பார்க்கும் முன்னால், சாப்பிடுகிறவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள், எங்கே ஒதுங்குகிறாள் என்று கேளுங்கள்.

மறுநாளே சாவியை வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மற்ற பெண்கள் எடுத்துப்போனார்கள். நான் ரிட்டயராகும் வரை அந்தோணியம்மாள் ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை.