குடிபெயர்ந்தவர் என்று எழுதியிருந்தது

உம்மா மௌத்தாகி மூன்றாம் நாள்தான் நான் காரைக்கால் வந்து சேர்ந்தேன். அடக்கம் முடிந்திருந்தது. வளைகுடாவில் இருப்பவன் வருகிற வரைக்கும் மய்யித்தை அடக்காமல் வைத்திருக்கும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. கபுருக்குப் போய் யாசீன் ஓதினேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அழுகை வருமா என்று சற்று நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி, சட்டையை மாற்றிக்கொண்டு, மனைவி போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

நான் வளைகுடா போய் அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒரு கட்டுமானக் கம்பெனி அலுவலகத்தில் அடையாள அட்டை தயாரிக்கிற வேலை. கணினியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கும். இங்கிலாந்து, அயர்லாந்து இஞ்சினியர்களுக்கு அதில் 'எக்ஸ்பேட்', அதாவது வெளிநாட்டில் வாழ்பவர், என்று அடிக்க வேண்டும். எங்களுக்கு 'லேபர்'. ஏசி அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த எனக்கும் லேபர்தான். என் அட்டையை நானே அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் அட்டை வாங்க வந்த அயர்லாந்துக்காரர் ஒருவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அண்ணன் லண்டனுக்குக் கொத்து வேலைக்குப் போனாராம். அங்கே அவரை 'இமிக்ரண்ட்', குடியேற வந்தவன், என்றார்களாம். "நான் இங்கே வந்தால் எக்ஸ்பேட். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்டார். லேபர் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

இமிக்ரண்ட் என்று என்னைச் சொல்ல வழியில்லை. அந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமை கிடைக்காது, விசா முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் எங்களைச் சபுராளி என்பார்கள். பயணம் போனவன் என்று அர்த்தம். பயணம் என்றால் திரும்பி வருவதும் அதில் சேர்த்திதானே. அந்தப் பெயரே எனக்குப் போதும் என்று நினைத்திருந்தேன்.

வந்த ஒரு வாரத்தில் மனைவி சொன்னாள். "மாமி பேர ரேஷன் கார்டுலேர்ந்து எடுக்கணுங்க. நீங்க இருக்கும்போதே முடிச்சிட்டா நல்லது."

கார்டை எடுத்துக் கொடுக்கும்போது இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். பாலிதீன் உறைக்குள் இருந்ததை நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

ரேஷன் கார்டு அலுவலகத்தில் கூட்டமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அலுவலர் கார்டைப் புரட்டிவிட்டு, "நீங்க யாருங்க அவங்களுக்கு?" என்றார்.

"மகன்."

"கார்டுல மகன்னு யாரும் இல்லையே. மருமகளும் பேத்தியும்தான் இருக்காங்க."

கார்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் வட்ட முத்திரை. தவறாக அடித்திருப்பார்கள் என்றேன். அவர் எழுந்து போய், நெடுநேரம் தேடி, ஒரு கோப்பை எடுத்து வந்து பிரித்தார். 'என் மகன் வெளிநாட்டுக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டபடியால் அவன் பெயரை நீக்கித் தருமாறு' என்று யாரோ எழுதிக் கொடுத்த விண்ணப்பம். கீழே உம்மாவின் கையெழுத்து. உம்மா தன் பெயரை எழுதினால் கடைசி எழுத்து எப்போதும் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். இதிலும் இறங்கியிருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய தாள்.

"நாங்களா எடுக்கலைங்க. சரிபார்க்க வந்தப்ப அவங்களே எழுதிக் குடுத்தது."

"திரும்பச் சேர்க்கலாமா?"

"இங்க இருந்தா சேர்க்கலாம். இருக்கப் போறீங்களா?"

"இல்ல. இன்னும் பத்து நாள்ல போயிடுவேன்."

"அப்ப எப்படிங்க?"

அவர் கடுமையாகக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி. உம்மா பெயரை நீக்கும் விண்ணப்பத்திலும் நான் கையெழுத்துப் போட முடியாது என்றார். கார்டில் உள்ளவர்கள்தான் போட வேண்டுமாம். விண்ணப்பத் தாளை வாங்கி மடித்துக்கொண்டு வந்தேன்.

மனைவி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையெழுத்தில்லாத விண்ணப்பத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஊருல இல்லாதவங்க பேரு இருந்தா பொய்க் கார்டாயிடும்னு வந்தவங்க சொன்னாங்க. மாமி யோசிக்கவே இல்ல. 'அவன் அங்கேயே தங்கிட்டான், எழுதிக்குங்க'ன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன்ல எப்படிங்க சொல்றது? மாமியும் வேணான்னாங்க."

சரி என்றேன். கோபம் வரவில்லை. பதினோரு வருடத்தில் நான்கு முறை வந்திருக்கிறேன். கம்பெனி எனக்கு ஒரு பெயர் வைத்தது, ஊர் ஒரு பெயர் வைத்தது, உம்மா வைத்தது இது. மூன்றில் உம்மா சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டே இருந்தது. மனைவி கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு நாட்டு அதிபர் தேர்தல். பள்ளியில் என்னோடு படித்தவன் ஒருவன், நெரவி சாலையில் டயர் கடை வைத்திருப்பவன், தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவர்கள் குடும்பமே பிரெஞ்சுக் குடிமக்கள். அவன் பிரான்சைப் பார்த்ததில்லை. துக்கம் விசாரித்துவிட்டு, "வீட்டுலயே கெடக்காத, வா" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

ஓட்டுச்சாவடி ஊருக்குள்ளேயே இருந்தது. நான் வெளியே மர நிழலில் நின்றேன். குடை பிடித்த கிழவர்களும் பூ வைத்த பெண்களும் பிரெஞ்சு அடையாள அட்டையோடு உள்ளே போனார்கள். அவன் வெளியே வந்து ஒரு கடிதத்தை நீட்டினான்.

"இதுல என்னப்பத்தி என்ன எழுதியிருக்கு தெரியுமா? பிரான்சுக்கு வெளியே வாழும் பிரெஞ்சுக்காரராம். பொறந்த தெருவுல குடியிருக்கேன்டா நான். நீ சொல்வியே, எக்ஸ்பேட்டு, அது நாந்தான்." சிரித்துக்கொண்டே கேட்டான். "ஆமா, உன் ஓட்டு இருக்கா இங்க?"

"எடுத்துட்டாங்க. ரேஷன் கார்டுலயும் எடுத்தாச்சு."

"யாரு எடுத்தா?"

"உம்மா."

அவன் கடிதத்தை மடித்தான். "டீ குடிப்போம் வா" என்றான். குடித்தோம்.

விடுப்பு முடிந்து போனேன். இரண்டு வருடம் கழித்துக் கம்பெனிக்கு வேலை குறைந்து என்னை அனுப்பிவிட்டார்கள். ஊரில் ஆறு மாதம் இருந்த பிறகு ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எழுதிக் கொடுத்தேன். ஒருநாள் காலையில் சரிபார்க்க ஓர் ஆள் வந்தார். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது மகள்.

"வாப்பா இங்கதான் இருக்காங்களாம்மா?"

அவள் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தாள்.

"இப்ப இருக்காங்க" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார்.