இன்னும் வராத படகு

ஒரே ஓவியத்தின் எதிரில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்தாரா, அல்லது அதைப் பார்க்க வந்தவர்களை மட்டும் பார்த்தாரா? குசுமி தொமியே என்ற அந்தப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது.

ஒசாகாவில் நாங்கள் வேலை பார்த்த ஓவியக்கூடத்தில் அவர் அறைக் காவலர். நான் கீழே புத்தகக் கடையில். அவர் மூலை நாற்காலியில் மடியில் போர்வையுடன் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது பேனாவை எடுத்தால், மை படத்தில் பட்டுவிடாமலிருக்க, சத்தமில்லாமல் போய்ப் பென்சிலை நீட்ட வேண்டும். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. அதற்கு ஆய்வாளர்கள் இருந்தார்கள்.

அவர் அறையில் இருந்தது, ஆறு பலகைகள் விசிறிபோல் மடிந்து தரையில் நிற்கும் ஒரு பழைய ஓவியத் திரை. அதில் ஒரு நதி, நாணல், ஒரு படகு. அதைவிட நல்ல திரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் இளம் ஆய்வாளர் இகராஷி ஒரு திட்டம் போட்டார். திரையை ஏறக்குறைய தட்டையாக விரித்துப் புதிய கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது. எல்லாம் ஒரே பார்வையில் தெரியும், புகைப்படமும் நன்றாக வரும். இதைக் கேட்டதிலிருந்து குசுமி தினமும் மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைக்கத் தொடங்கினார்.

“அந்தப் படகுல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” என்று சீண்டினார் சக காவலர் நெமோதோ அம்மாள். பிறகு தணிந்த குரலில், மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார்.

குசுமி வாயைத் திறக்கவில்லை. தன் விடுமுறை நாளான வியாழக்கிழமை சீட்டு வாங்கிக்கொண்டு, பழுப்பு மேலங்கியில் பார்வையாளராக வந்தார். வெளியேறும் இடத்தில் கருத்து எழுதும் தாள்கள் இருக்கும். கழிப்பறை தூரம், உணவகத்துக் குழம்பில் உப்பு என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். அவர் திரையை விரிக்க வேண்டாம் என்று எழுதி, முழுப் பெயரும் போட்டுப் பெட்டியில் சேர்த்தார்.

மறுநாள் இகராஷி அந்தத் தாளோடு அறைக்கு வந்தார். அங்கே நின்றிருந்த நெமோதோ அம்மாள் சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும்.

“குசுமி சான், இத எழுதினது நீங்களா?” என்று மரியாதைக்குரிய ‘சான்’ சேர்த்தே கேட்டார் இகராஷி.

“நேத்து வந்த ஒரு பார்வையாளர் எழுதினது.”

“சரி. அவங்க அப்படி என்ன பாத்தாங்க?”

குசுமி எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். “இதுல உக்காருங்க. படகு தெரியுதா?”

“முனை மட்டும் தெரியுது. மிச்சத்த மடிப்பு மறைக்குது.”

“அது இன்னும் வரல. எந்திரிச்சு ரெண்டடி நடங்க.”

இகராஷி நடந்தார். நாணலுக்குள்ளிருந்து படகு, துடுப்பு, குனிந்த படகோட்டி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திரும்பிப் போய் உட்கார்ந்தார். மறுபடி நடந்தார். மூன்று முறை அப்படிச் செய்தார். எட்டு வருடமாக அந்தத் திரையைப் பற்றி எழுதுபவர் அவர். பெரும்பாலும் விரித்து எடுத்த புகைப்படங்களை வைத்து.

“அவரு படிச்சுப் பாத்தாரு, இவங்க உக்காந்து பாத்தாங்க, அவ்வளவுதான்,” என்றார் நெமோதோ அம்மாள் என்னிடம். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. குசுமிக்கு ஓவியம் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பொருள் தன்னை எந்த இடத்திலிருந்து காட்டுகிறது என்பது தெரிந்திருந்தது.

திட்டம் கைவிடப்பட்டது. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. அத்துடன் இகராஷி மேலிடத்தில் பேசி, யாருக்கும் தராத ஒன்றையும் வாங்கித் தந்தார்: சனிக்கிழமைதோறும் குசுமி அந்த அறையில் பார்வையாளர்களிடம் திரையைப் பற்றிப் பேசலாம்.

குசுமி ஆழக் குனிந்து நன்றி சொன்னார். மறுவாரம் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார். நெமோதோ அம்மாள் காரணம் கேட்டார், நான் கேட்டேன், இகராஷி இரண்டு முறை கேட்டார். “நான் முன்னாடியே சொல்லிட்டா, அந்தப் படகு அவங்களுக்கு வரவே வராது,” என்றார் என்னிடம் மட்டும். ஏப்ரலிலிருந்து அவர் வாசலில் பார்வையாளர்களின் ஈரக் குடைகளை வாங்கித் தாங்கியில் பூட்டி, சாவியை அவர்களிடம் கொடுத்தார். வேலையில் இருந்த மிச்ச ஆறு வருடமும் அந்தத் திரை இருந்த மாடிக்கு ஏறவே இல்லை.