எதெல்மிராவுக்குச் சாட்சி இல்லை

கொரோனெல் துறைமுக ஊர்ச் சபையின் தெருப் பிரசங்கத்துக்கு எதெல்மிரா இருபத்தாறு வருஷமாக மாண்டலின் வாசித்தாள். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. கடல் பக்கமிருந்து மழை அடித்தால் மாண்டலினைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தான் நனைவாள். அப்பா சபை மூப்பர், ஜெபக்கூட்டத்திலேயே வளர்ந்தவள். குடித்ததில்லை, ஆடியதில்லை, அடுத்தவன் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்ததால் வந்த குறை ஒன்றே ஒன்றுதான்: சொல்வதற்குச் சாட்சி இல்லை.

சந்தை முனையில் வட்டமாக நின்று பாடி முடித்ததும், யாராவது முன்னால் வந்து தான் கிடந்த சேற்றையும் கர்த்தர் தூக்கிவிட்டதையும் சொல்ல வேண்டும். சேற்றையே பார்க்காதவள் என்ன சொல்வாள்? பாஸ்டர் எலெயோதோரோ அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "நீங்க வாசிங்க சிஸ்டர்" என்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஹுவெனால் திரும்பி வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சபையில் அக்கார்டியன் வாசித்தவன் ஹுவெனால். ஒயினில் விழுந்து, சபை அக்கார்டியனையே விற்றுக் குடித்துவிட்டு, மூன்று வருஷம் காணாமல் போனான். பிறகு ஒருநாள் அழுதுகொண்டு வந்தான். சபை வழக்கப்படி மூன்று மாதம் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பாட்டு கூடாது, வாத்தியம் கூடாது, திருவிருந்து கிடையாது. அது முடிந்த அன்று சபையே வரிசையில் நின்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதது. புது அக்கார்டியன் வேறு வாங்கிக் கொடுத்தார்கள். எதெல்மிரா மாண்டலினுக்கு ஒரு தந்தி கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பவர்கள்! அவளும் வரிசையில் நின்றாள், அவனைக் கட்டிக்கொண்டாள். வயிறு பற்றி எரிந்தது. ஓடிப்போகாதவளை யார் கட்டிக்கொள்வார்கள்?

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவன் சாட்சிதான். மீன்காரிகள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார்கள்.

"குடிச்சதும் அவன், கும்பல் அழறதும் அவனுக்கா?" என்று வீட்டில் ரொட்டி மாவைப் போட்டு அடித்தாள்.

புருஷன் அபெல் மாத்தே டீயை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப நீயும் மூணு வருஷம் குடிச்சுப் பாரேன்டி" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். அது அவள் மனசில் ஒட்டிக்கொண்டது.

அந்த ஊரில் ஜூன்தான் குளிர்காலம். அந்தக் குளிரில் ஒரு ஞாயிறு ஹுவெனாலுக்குத் தொண்டை கட்டிப்போனது. பாஸ்டர் யாரைக் கூப்பிடலாம் என்று திரும்புவதற்குள் எதெல்மிரா நடுவில் போய் நின்றுவிட்டாள்.

"நானும் பாவிதான்! விடிய விடியக் குடிச்சேன்! துறைமுகத்துல ஆடினேன்! பெத்த பிள்ளைங்களப் பட்டினி போட்டேன்!"

எங்கிருந்துதான் வந்தனவோ, செய்யாத பாவமெல்லாம் வரிசைகட்டி வந்தன. மீன்காரி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அந்த ஒரு நிமிஷம் எதெல்மிராவுக்குப் பரலோகமாக இருந்தது.

பூசணி ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த ரிகோபெர்த்தோ கரண்டியை நிறுத்தினார். "ஏம்மா எதெல்மிரா, நீ எப்பம்மா குடிச்ச? நாப்பது வருஷமா பக்கத்து வீடு. எங்க வாசல்ல காலி பாட்டில் கிடந்தாலே மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற ஆளு நீ!"

சந்தையே சிரித்தது. பாஸ்டர் தலை குனிந்துகொண்டார்.

கர்த்தர் பேரில் பொய் சொன்னதற்கு அவளுக்கும் மூன்று மாதம் கடைசி பெஞ்ச். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வாரம் முழுக்கக் கறுவினாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கால் சும்மா இருக்கவில்லை. போனாள். கடைசி பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஹுவெனால் அக்கார்டியனை இறக்கிவைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எதுக்கு வந்த? வேடிக்கை பாக்கவா?" என்றாள். "நல்லவனாகறதுலயும் என்னை முந்திக்கணுமா?"

"என் சாட்சி வேணும்னா எடுத்துக்கங்க அக்கா. ஆனா முழுசா எடுத்துக்கணும். நான் விட்டுட்டு ஓடின என் பொண்ணு நோயெமி அந்தச் சந்தையிலதான் மீன் வாங்கறா. நான் வாயத் திறந்ததும் பையத் தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடறா. வாராவாரம். நீங்க பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. அவள் அழுகிற கும்பலை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"உங்க பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட சாப்பிட வர்றாங்கல்ல? அதப் பாத்தா எனக்கு வயிறு எரியும்க்கா."

அவளுக்குப் பிள்ளைகளைப் பட்டினி போட்டேன் என்று கூவியது நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் அன்று மத்தியானமும் வருவார்கள்.

மூன்று மாதமும் அவன் அதே பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

செப்டம்பரில் சபை வரிசை கட்டி நின்றது. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது, ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். கடைசியாக ஹுவெனால் வந்தான்.

அவள் அவன் காதில் சொன்னாள்: "இன்னும் பொறாமை போகல தம்பி. நீ என் பக்கத்துல வந்து உக்காந்த பாரு, அதுக்கும் பொறாமைதான். எனக்கு அது தோணியிருக்காது."

அவன் சிரித்தான்.

"மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வா" என்றாள்.

"பிள்ளைங்கல்லாம் இருப்பாங்களே?"

"இருப்பாங்க. அதுக்குத்தான் கூப்பிடறேன்."

சந்தையையே அழவைத்த அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினான்.