வாத்துக் கூண்டுக்குத் தைத்த பாவாடை

என் தங்கைக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்துப் பேச்சு நின்றுபோகும். அதற்கும் மேலே போனால் கையில் இருப்பது பறக்கும். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் பத்தொன்பது வருஷம் ஆண்கள் நிறைந்த பட்டறையில் அவள் நின்று பிடித்திருக்க முடியாது.

ஜன்னல் கிரில்லுக்கு வெல்டிங் வைப்பது அவள் தொழில். பட்டறையில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பேர். கேலிக்கு வைத்த பேர்தான். இப்போதோ வீடு கட்டுகிறவர்கள், "பட்டாசு வெல்டிங்கா? அப்ப சரி" என்று நிம்மதியாகப் போகிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் பதினேழு வீட்டு ஜன்னல் அவள் கைவேலை. ஒன்றில்கூடத் திருடன் நுழைந்ததில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கிறேன். எனக்குத் தெரிந்தது அளவெடுப்பது ஒன்றுதான். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

வீடு மாறிப்போன வாடிக்கைக்காரி ஒருத்தி, புது இடத்தில் வளர்க்க முடியாது என்று இரண்டு வாத்துகளைத் தங்கை கையில் திணித்துவிட்டுப் போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்ப்பதுபோல நடந்த ஆணுக்குத் தங்கை 'மேனேஜர்' என்று பேர் வைத்தாள். எதற்கெடுத்தாலும் புகார் சொன்ன பெட்டை 'மேடம்' ஆனது. சாயங்காலம் வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் அவற்றின் முன்னால் போய்க் குந்திக்கொள்வாள். பட்டறையில் நடந்ததை எல்லாம் ஒப்பிப்பாள். எங்கள் வீட்டில் அவள் குரல் தணிந்து நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

பின்கட்டில், மதில் ஓரமாக, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பழைய ஜன்னல் கிரில்களை வைத்துக் கூண்டு கட்டினாள். மூன்று பக்கமும் மேலேயும் கிரில், நாலாவது பக்கம் மதில். கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி உள்ள கிரில்லாகப் பொறுக்க வேண்டும் என்று நான்தான் அளந்து சொன்னேன். மேடத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சுற்றி டேப் பிடித்து அளந்தேன். மூன்று விரல் இடைவெளி. தலை நுழையாது, வெளியே போய்விடாது. சுத்தமான அளவு.

மாதக் கடைசியில் ஒருநாள், பதினொன்றரை மணி இருக்கும். காலர் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஓடும்போது வேறெதுவும் காதில் விழாது. பாபினில் நூல் தீர்ந்து மிஷினை நிறுத்தியபோதுதான் மேடத்தின் கத்தல் கேட்டது. வழக்கமான புகார் இல்லை அது. ஓடிப்போய்ப் பார்த்தால் கூண்டுக்குள் கீரி. மேனேஜரின் கழுத்து அதன் வாயில். கையிலிருந்த கத்தரிக்கோலை வீசினேன். அது கம்பியில் பட்டுத் தெறித்தது. கீரி என்னை நிமிர்ந்து பார்த்தது. அவசரமே படவில்லை. பாவாடை நாடா நுழைகிற மாதிரி இரண்டு கம்பிக்கு நடுவில் வழுக்கி வெளியே வந்து மதிலேறிப் போய்விட்டது. மேடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. மேனேஜர் அசையவில்லை.

போன் செய்ததும் தங்கை கழுத்தில் தொங்கிய வெல்டிங் கண்ணாடியோடு அப்படியே வந்துவிட்டாள். அழவில்லை. காது சிவந்திருந்தது.

"எந்த வழியா போச்சு?"

"கம்பி நடுவுல."

கம்பிகளுக்கு இடையே தன் மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். "வாத்து தலையை அளந்தியே அக்கா, திருடன் தலையை அளந்தியா?"

நான் குனிந்து கத்தரிக்கோலைப் பொறுக்கினேன்.

"உன்னைச் சொல்லி என்ன? எனக்கு எங்க போச்சு புத்தி? பத்தொன்பது வருஷமா மனுஷன் கை நுழையாம கம்பி வச்சுக்கிட்டிருக்கேன். நாலு கால்ல ஒரு திருடன் வருவான்னு தோணல பாரு." கிரில்லை ஓங்கி உதைத்தாள். கிரில் அவள் வெல்டிங். அசையவில்லை. கால் விரல்தான் வீங்கியது.

எந்த வழியாகப் போனது என்றுதான் அவள் கேட்டாள். எந்த வழியாக வந்தது என்று கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின மூன்று நாளும், காலையில் பின்கட்டைப் பெருக்கப் போனால், கூண்டுக்குள் மதில் அடியில் புது மண் குவிந்திருந்தது. அந்தப் பக்கம் புதர் மண்டிய காலி மனை, யார் கண்ணிலும் படாமல் தோண்டி வரலாம். எலி வேலை என்று நினைத்து, குழியைக் காலால் மிதித்து மூடி, மேலே அழகாகப் பெருக்கிவிட்டேன். மூன்று நாளும். துளி மண் சிதறிக் கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது. கீரி தோண்டத் தோண்ட, தடயத்தை நான் துடைத்துக்கொடுத்திருக்கிறேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பட்டறை முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்து சனிக்கிழமையும் லீவு கேட்டிருக்கிறாள். நடந்ததைச் சாயங்காலம் எனக்கு நடித்தே காட்டினாள்.

"எதுக்கு லீவு?"

"வாத்துக்கு வேற கூண்டு கட்டணும். ஒண்ணைக் கீரி கடிச்சிடுச்சு."

"அடடா! குழம்பு வச்சியா, வறுத்தியா? எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பக் கூடாதா?"

பட்டறையே சிரித்திருக்கிறது.

"போன வருஷம் உங்க நாய் லாரியில அடிபட்டப்ப ரெண்டு நாள் ஷட்டரை இறக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. எத்தனை கிலோ தேறிச்சுன்னு நாங்க யாராவது கேட்டோமா?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். "எடுத்துக்க பட்டாசு, எடுத்துக்க" என்றாராம் முதலாளி.

தெருவிலும் அதே கேள்விதான். சீருடை வாங்க வந்த மூன்று பேர் என்னிடம் சமைத்தீர்களா என்று கேட்டார்கள். ஒருத்தியின் மகனுடைய கால்சட்டையை, தைத்து முடித்து மடித்து வைத்திருந்ததை, இன்னும் ஆகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். எனக்கும் கோபம் வரும்.

மேடத்தைக் குளியலறையில் வைத்திருந்தோம். மூன்று நாளாகத் தீனியைத் தொடவில்லை. கத்தக்கூட இல்லை. மூலையைப் பார்த்துத் திரும்பியே நின்றது. தங்கை கதவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். "ஞாயித்துக்கிழமை வெளிய விடறோம். இல்லேன்னா இதுவும் போயிடும்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தாள். பழைய கிரில்கள் மேல் அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை வைத்து, பட்டைத் தகடு கொடுத்துத் திருகாணி போட்டு இறுக்கினாள். அங்கங்கே கம்பியால் கட்டினால் பல்லால் பிரித்துவிடும் என்றாள். மேலேயும் வலை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், ஒன்றைத் தூக்கித் தள்ள வேண்டும், மற்றதைத் திருக வேண்டும். கூண்டைச் சுற்றி வெளியே தரையில் இரண்டடி அகலத்துக்கு வலையை விரித்து மேலே செங்கல் அடுக்கினாள். தோண்ட வருகிற பிராணி கூண்டின் ஓரத்தில்தான் தோண்டும், அங்கே வலை தட்டும். அதற்கு நான் பாவாடை என்று பேர் வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. என் வேலை சோதிப்பது. ஒவ்வொரு மூலையிலும் கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தால் அது ஓட்டை இல்லை, வாசல்.

பக்கத்து வீட்டுக்காரர் பக்கவாட்டு மதில் மேல் தலையை நீட்டினார். "என்ன, ஜெயில் கட்டறீங்களா? யாரைப் பிடிச்சுப் போடப் போறீங்க?"

"கேள்வி கேக்கறவங்களை" என்றாள் தங்கை, நிமிர்ந்தே பார்க்காமல்.

ஞாயிறு மதியம் வலை தீர்ந்தது. மூன்று பக்கமும் முடிந்திருந்தது. தங்கை மதிலைத் தட்டிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் சுவர் இருக்கு. வலை வேண்டாம். மேடத்தைத் தூக்கிட்டு வா."

நான் குளியலறை வரைக்கும் போனேன். மேடத்தைத் தூக்கினேன். எலும்பும் இறகுமாக இருந்தது. அப்படியே கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"அது அந்தப் பக்கமாத்தான் வந்துச்சு" என்றேன். "மதிலுக்கு அடியில. மூணு நாள் தோண்டியிருந்துச்சு. எலின்னு நினைச்சு நான் பெருக்கிட்டேன்."

காது சிவந்தது. பேச்சு நின்றது. இடுக்கி பறந்துபோய் வாளியில் மோதியது. வாளி விரிசல் விட்டது.

பிறகு பேச்சு வந்தது. "என் தப்புன்னு நாலு நாளா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு போட்டுக்கிட்டு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தே."

அவ்வளவுதான். வாசல் கதவை அறைந்துவிட்டு வெளியே போனாள். வலை வாங்கவும் வழியில்லை, கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று எனக்கும் தெரியும்.

மூலைகளில் வெட்டிப்போட்ட வலைத் துண்டுகளைப் பொறுக்கினேன். பதினொன்று தேறியது. ஒன்றுக்கொன்று கோணல். சீருடைத் துணியில் வெட்டு விழுந்ததை ஒட்டுப்போட்டு முழுத் துணி ஆக்கியிருக்கிறேன், இது இரும்பு, அவ்வளவுதான் வித்தியாசம். தரையில் பரப்பி, ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் இரண்டு விரல் ஏறும்படி வைத்து, கட்டுக் கம்பியால் தைத்தேன். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முறுக்கு. கண்ணை விட்டுக் கண் தாவவில்லை. ஆறடி நீளம், இரண்டடி அகலம் வந்தது. விரல் நுனியெல்லாம் ரத்தம்.

திரும்பி வந்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கையுறையைக் கழற்றி என் மடியில் எறிந்தாள். குனிந்து தையல் முழுக்கக் கட்டைவிரலை ஓட்டினாள். எங்கேயும் நுழையவில்லை. மதிலோரம் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, வலையின் ஓரத்தை மதிலில் ஆணியடித்து, மற்றதை மடக்கிக் கூண்டின் தரையில் பரப்பி, மண்ணைத் தள்ளி மூடினாள். அப்புறம் தானே போய் மேடத்தைத் தூக்கி வந்து உள்ளே விட்டாள். மேடம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தண்ணீரில் அலகை வைத்து, ஒரே ஒரு தடவை புகார் சொன்னது.

தங்கை என்னோடு பேசவில்லை. திங்கள், செவ்வாய், புதன். தட்டை வைத்தால் சாப்பிடுவாள், தானே கழுவி வைப்பாள்.

வியாழக்கிழமை மதியம் மேடம் வீடே இடிகிற மாதிரி கத்தியது. இந்தத் தடவை மிஷினை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தேன், உடனே கேட்டது. நான் ஓடிப் போவதற்குள் சத்தம் ஓய்ந்துவிட்டது. மேடம் கூண்டின் நடுவில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மதில் அடியில் மண் ஓரிடத்தில் உள்வாங்கி, கீழே வலை தெரிந்தது. வலைக் கண்ணில் பழுப்பு மயிர் நாலைந்து சிக்கியிருந்தது. சுற்றிலும் மண் சிதறிக் கிடந்தது. கை தன்னால் துடைப்பத்தை எடுத்துவிட்டது. அப்படியே சாய்த்து வைத்தேன்.

சாயங்காலம் வந்தவளிடம் விரலால் காட்டினேன். கூண்டுக்குள் போய்க் குந்தினாள். மயிரை எடுத்துப் பார்த்தாள். வலைத் தையலில் நாலு விரல் நுனியையும் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இரண்டாம் தடவை காலை மதிலில் உதைந்துகொண்டு இழுத்தாள். வரவில்லை.

"இது எத்தனாவது துண்டு?"

"ஏழும் எட்டும் சேர்ற இடம்."

"ம்." கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இனிமே அந்தத் துடைப்பத்தை இந்தப் பக்கம் கொண்டு வந்தேன்னு வச்சுக்க, உன்னையும் உள்ள தள்ளி ரெண்டு தாழ்ப்பாளையும் போட்டுடுவேன்."

காது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. மேடத்தின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, அன்றைக்குப் பட்டறையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் துடைப்பத்தைக் கொண்டுபோய் முன்னறையில் மாட்டினேன்.