தாம்போதி கடந்ததும் போட்ட சிலுவை

அன்று முருங்கன் பஸ்ஸில் ஐயாவும் நானும் இருந்தோம். அம்மா வரவில்லை. பார்வையற்றோருக்கான அரைக்கட்டண அட்டையை ஐயாவுக்கு எடுத்துக் கொடுக்கப் பல தடவை அரசாங்கக் கந்தோருக்கு அலைந்தது அவதான். ஆனால் அவவுக்கு முழு ரிக்கெற் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டிலேயே நின்றுவிட்டா.

நான் அட்டையைக் காட்டினேன். நடத்துநர் ஐயாவுக்கு அரை ரிக்கெற் கிழித்தார். கடலுக்குக் குறுக்கே போடப்பட்ட தாம்போதியைக் கடந்ததும் தெருவோர அந்தோனியார் கோயிலுக்கு நேரே ஐயா சிலுவை அடையாளம் போட்டார். நடத்துநர் திரும்பி வந்தார்.

“கண் தெரியாதெண்டீங்கள். கோயில் மட்டும் தெரியுதோ?”

“தாம்போதி முடிய கடல்காத்து நிண்டுடும், தம்பி. அதிலதானே கோயில்.”

“அந்தோனியார் காதுக்க சொல்லியிருப்பார்,” என்றார் பின் இருக்கைக்காரர். சிலர் சிரித்தார்கள்.

அட்டையிலிருந்த வைத்தியரின் கையொப்பத்தை நான் சுட்டிக் காட்டினேன். நடத்துநர் அதைப் பார்க்கவில்லை.

“ரிக்கெற் செக்கர் ஏறினா என்ர வேலை போயிடும். ஐயா, அடுத்த கோயிலடியில கையைத் தூக்காமல் இருங்கோ. அரை ரிக்கெற்றோட விடுறன்.”

அடுத்த கோயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் வரும். அது ஐயாவுக்குத் தெரியாமல் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தில் பஸ் குலுங்கியது. ஐயா நெற்றியில் தொடங்கி ஆறுதலாகச் சிலுவை போட்டு முடித்தார். பிறகு அதே கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக் காசை எடுத்து நீட்டினார்.

“மிச்சத்தையும் எடுங்கோ, தம்பி.”

அட்டை என் மடியில் இருந்தது. இரண்டு பேருக்கும் முழு ரிக்கெற், மொத்தம் இருபத்துநாலு ரூபா.