அருணகிரி வாங்கிய டப்பா

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் அருணகிரிக்கு இரவல் என்றாலே ஆகாது. பக்கத்து நிலத்துக்காரர் தன் மோட்டாரில் தண்ணீர் விடுகிறேன் என்றபோதுகூட வேண்டாம் என்று கடலைப் பயிரைக் காயவிட்ட மனிதர். வாடகை ஆட்டோவைத் தொடமாட்டேன் என்று செங்கல் சூளையில் வெந்து, சொந்த ஆட்டோ வந்த பிறகே காக்கிச் சட்டை போட்டார். "இரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய எறிவாங்களா?" என்பார். அந்த வீம்பிலேயே மகன் முருகவேலை நர்சிங் படிக்கவைத்து லண்டனுக்கும் அனுப்பினார். பிள்ளை நன்றாகத்தான் இருந்தான்.

போன மாதம் வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அருணகிரிக்கும் மனைவி பச்சையம்மாளுக்கும் பாஸ்போர்ட் இல்லை. உடலை அனுப்பவும் தோதுப்படாமல், அங்கேயே எரிப்பது என்று முடிவாயிற்று. முந்தின நாள் மருமகள் பூஜா வீடியோ காலில் வந்தாள். "நாளைக்கு நம்ம ஊரு டைமுக்கு நாலு மணி மாமா. அரை மணி நேரம்தான் நேரலையா காட்டுவாங்க, ரெக்கார்டிங்கும் கிடையாதாம். லிங்க் அனுப்பறேன், வீட்லேர்ந்தே பாத்துடுங்க." பெற்றவர்கள் மகன் முகத்தைப் பார்க்க அந்த ஒரு வழிதான் இருந்தது.

அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் படம் பலமுறை நின்று நின்று போயிற்று. போதாதா அருணகிரிக்கு? இன்டர்நெட் கம்பெனி வைத்துவிட்டுப் போன டப்பாவின் மேல் பழி விழுந்தது. "அவன் குடுத்த ஓசி டப்பா இப்பிடித்தான் இருக்கும். நம்ம புள்ளய நம்ம சொந்த டப்பாவுல பாப்போம்" என்று மறுநாள் காலையிலேயே டவுனுக்குப் போய், கொம்பு கொம்பாய் நீட்டிக்கொண்டிருந்த புது வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்தார்.

"கேபிள்கார மாறன் தம்பி வந்து மாட்டட்டுங்க. இன்னிக்கு பௌர்ணமி வேற" என்றாள் பச்சையம்மாள். பௌர்ணமியென்றால் மலை சுற்ற வரும் ஜனத்தில் செல்போன் டவர் திணறிப்போகும். வீட்டு லைன் ஒன்றுதான் கதி. கெடுகுடி சொற்கேளாது என்பார்களே, கேட்டாரா மனிதர்?

"ஒரு ஒயர புடுங்கி இன்னொண்ணுல சொருவ எனக்குத் தெரியாதா?"

பழைய டப்பாவிலிருந்து பிடுங்கிய ஒயர் புதியதில் எந்த ஓட்டையிலும் பொருந்தவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டே அழுத்தினார். முனையில் ஏதோ நொறுங்கியது. அந்த ஒயருக்குள்ளே ஓடுவது கண்ணாடி இழை. பயந்துபோய்ப் பழைய டப்பாவிலேயே திரும்பச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

மாறனுக்குப் போன் போகவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் செல்போன் நெட்டுதான், அதுவும் சுற்றிக்கொண்டே நின்றது. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். நடந்தார், ஓடினார். மாறனைத் தேடிப் பிடித்து, கூட்டத்துக்கு எதிரே இழுத்துக்கொண்டு வந்தார். அரோகரா சொன்ன வாய்களே "எதிர்ல வராதீங்கய்யா" என்று அதட்டின. "என் புள்ளய கொளுத்தப் போறாங்க, வழி வுடுங்க!" என்று கத்தினார். யார் காதில் விழும்! இத்தனை வருஷம் இந்த ஜனத்தை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர், அன்றைக்கு அத்தனை பேரையும் வயிறெரிந்து சபித்தார்.

மாறன் முனையை வெட்டி வேறு முனை போட்டான். "பழச கழட்டவே வேணாங்க பெரியப்பா. அதுலேர்ந்து ஒரு ஒயர் இழுத்து புதுசுல குடுத்தா போதும்" என்றான் தயங்கித் தயங்கி. பச்சை விளக்கு வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. லிங்கைத் தொட்டால் வெறும் கறுப்புத் திரை. பச்சையம்மாள் முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

போன் அடித்தது. பூஜாதான்.

"பாத்தீங்களா மாமா? உங்களுக்காகத்தான் பெட்டிய தெறந்து, கேமரா பக்கமா வெக்க சொன்னேன்."

தாலியறுத்து நிற்கிற பெண்ணிடம் எதைச் சொல்ல? "பாத்தோம்மா" என்றார் அருணகிரி. "நல்லா தெரிஞ்சான்."

"அந்த சட்டையில தூங்கற மாதிரியே இருந்தாரில்ல மாமா?"

"ஆமாம்மா."

பச்சையம்மாள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னா சட்டையாம்? கேளுங்க. என் புள்ளைக்கு இன்னா சட்ட போட்டு அனுப்பினாங்களாம்?"

பார்த்தோம் என்று சொல்லிவிட்ட மனிதர் அதை எப்படிக் கேட்பார்?