யாருக்கு வேண்டாதது?

“என்ன செய்யப் போறீங்க, மிஸ்?”

“கொஞ்சம் இடம் பண்ணப் போறேன்ம்மா.”

“எங்க?”

“இந்தப் பெட்டிக்குள்ள. நெறஞ்சு போச்சு.”

“எப்புடிப் பண்ணுவீங்க?”

“வேண்டாதத அழிப்பேன்.”

“யாருக்கு வேண்டாதது?”

பிரேமினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துத் திரும்பினாள். ஹட்டனில் கணினி பழுது பார்க்கும் அவள், வேலை நேரத்தில் வாய் திறக்கிற வழக்கமே இல்லாதவள். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபிஸில், எடைக் கணக்கு வைக்கும் சேர்வர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டவள் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. மழைக்காக இடுப்பில் கட்டிய படங்குத் துணியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்ட, கதவை மறித்து நின்றாள்.

“வெளிய போய் நில்லு பேச்சி. தரையெல்லாம் ஈரம்” என்றார் ஆபிஸில் கணக்கு எழுதும் கிளாக்கர் ஜெயகாந்தன்.

“ஈரம் காஞ்சிரும் ஐயா. அழிச்சது வருமா?”

அவள் சுபாவமே அப்படித்தான். டவுனில் காஸ் சிலிண்டர் வாங்கினால் கடைக்காரன் முகத்துக்கு நேரே ஒரு முறை குலுக்கிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் மருந்து தந்தால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “எனக்குச் சோறு போடுறப்பவும் ஒரு கண்ணு பானை மேலதான் இருக்கும்” என்பான் அவள் புருஷன் சோலைமலை.

இந்தச் சந்தேகத்துக்காகத்தான் கொழுந்து பறிக்கும் பெண்கள் அவளைத் தராசுப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், நிறுப்பவர் எடையைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட எடை காதில் விழுந்த பிறகே கொழுந்தைக் கொட்டவிடுவாள் பேச்சியம்மா. புதிதாக வந்த ஒருவனின் முழங்கை தராசில் பட்டபோது, “ஒங்க கையிலயும் கொழுந்து மொளைக்குதோ தம்பி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவன் அதன்பின் கையைக் கட்டிக்கொண்டுதான் நிறுத்தான்.

மின்தராசு வந்ததும் எடையைக் கூப்பிடுவது நின்றுபோனது. எடை கம்பி வழியே ஆபிஸுக்குப் போனது. பேச்சியம்மாவுக்கு அன்றிலிருந்தே அந்தப் பெட்டி மேல் கண். போதாததற்கு, போன மாதத்து எடை குறைகிறதென்று பெண்கள் போட்ட முறைப்பாடு இன்னும் தீரவில்லை.

இன்று காலை தராசு எடையை ஏற்கவே இல்லை. மடுவத்தில் பெண்கள் நிறைந்த பைகளோடு நின்றார்கள். எடை பதியாமல் கொட்டமாட்டோம் என்றார்கள். பைக்குள் கொழுந்து சூடேறிக் கெட்டுக்கொண்டிருந்தது.

பிரேமினி திரையில் பார்த்தாள். சேர்வர் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ரூட் டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுத இடமில்லை.

ஜெயகாந்தன் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “போன மாசத்து எடையெல்லாம் சும்மா கெடக்கு மிஸ். அதத் தூக்கிட்டா சரியாப் போயிரும்தானே?”

பிரேமினி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். போன மாதத்து எடை முழுவதும் சேர்ந்தாலும் டிஸ்க்கின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதை ஏன் குறிப்பாகச் சொல்கிறார்? தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தா? அவர் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

“அது தேவையில்ல ஐயா” என்றாள்.

இடத்தை விழுங்கியது வேறொரு கோப்பு. எடையைப் பதியும் புரோகிராம் தன் குறைகளை எழுதிவைக்கும் கோப்பு அது. திறந்தால் ஒரே வரி, திரும்பத் திரும்ப: மேல்மலைத் தராசு பதில் சொல்லவில்லை.

பிரேமினி வாய்விட்டே வாசித்தாள்.

“மேல்மலையில இருக்குற அந்த இன்னொரு தராசு மழையில நனையுதுன்னு நாங்களும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது” என்றாள் பேச்சியம்மா. “பெட்டி சொன்னாலும் கேக்க ஆளில்ல போல.”

கிளாக்கர் இருமினார்.

பிரேமினி அந்தக் கோப்பை அழித்தாள். இடத்தைப் பார்த்தாள். டிஸ்க் முன்போலவே நிறைந்திருந்தது.

“அழிச்சாச்சா?”

“அழிச்சாச்சு.”

“இடம் வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப எத அழிச்சீங்க?”

பிரேமினிக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. அவசரமாக எடைகள் இருந்த இடத்தைத் திறந்தாள். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் விளங்கியது. கோப்பின் பெயர்தான் போயிருந்தது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் அதைத் திறந்துவைத்தபடியே எழுதப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால்தான் இடம் விடுபடும்.

நிறுத்துவதற்கு முன் எடைகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து மேசையில் வைத்தாள். ஜெயகாந்தன் அதை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் பேச்சியம்மாவின் ஈரக் கை அதை மூடிவிட்டது.

“இருக்கட்டும் ஐயா. மிஸ் முடிக்கட்டும்.”

புரோகிராம் நின்றது. மறுபடி கிளம்பியது. டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. சற்று நேரத்தில் மடுவத்திலிருந்து முதல் எடை வந்து திரையில் விழுந்தது.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. “போன மாசத்தக் காட்டுங்க” என்றாள். பிரேமினி காட்டினாள். வரிசை முடியும்வரை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பென் டிரைவின் மேலிருந்த கையை எடுத்தாள்.

படங்கை இறுக்கிக்கொண்டு போனவள் கதவடியில் நின்று திரும்பினாள்.

“புள்ள, அடுத்த தடவ வந்தா, எத அழிக்கிறதுன்னாலும் மொதல்ல அதோட பேரச் சத்தமாக் கூப்புடுங்க. வெளிய நின்னாலும் எனக்குக் கேக்கணும்.”